பழைய வீட்டில் வெக்கையும் குளிரும் மின்கட்டணமும் குறைய: எதை முதலில் செய்வது?

வெக்கை தாங்கவில்லை என்றால் ஏசி, குளிர் தாங்கவில்லை என்றால் ஹீட்டர். பழைய வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். உண்மையில் இது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இடுக்குகளில் ஒழுகும் காற்று, வெயிலை வாங்கி அறைக்குள் இறக்கும் கூரை, ஈரம் ஏறிய சுவர் இவற்றையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு மெஷின் மாட்டினால், தேவைக்கு மேல் பெரியதாக வாங்க வேண்டிவரும். உழைக்கும் காலமெல்லாம் அந்த அதிகப்படிக்கும் சேர்த்தே அது மின்சாரம் இழுக்கும்.

வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீர், அடுத்து காற்று, அப்புறம் கூரை, ஜன்னல், சுவர், கடைசியில் மெஷின்கள். வரிசை மாறினால் செய்ததை உடைத்துத் திரும்பச் செய்ய நேரும். ஈரச் சுவர்மேல் தெர்மோகோல் பலகை ஒட்டிவிட்டால், பலகைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது வாடை வீசத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

முதல் படி: வீட்டைச் சோதிப்பது

கையில் ஒரு நோட்டு, சாக்பீஸ், ஊதுபத்தி, ஒரு டார்ச் போதும். சுட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் நல்லது.

மின் மீட்டரில் தொடங்குங்கள். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் சுவிட்சில் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். மெயின் மட்டும் போட்டிருக்கும்போதும் மீட்டர் ஓடினால், எங்கோ மறந்துபோன கருவி இழுக்கிறது, அல்லது பழைய வயரிங்கில் கசிவு இருக்கிறது. இரண்டாவதாக இருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவைத்து முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சும்மா சொருகிவைத்திருக்கும் கருவிகளும் அற்பமல்ல: 10 வாட் இழுக்கும் ஒன்று ஆண்டு முழுக்க ஓய்வில்லாமல் இருந்தால் 88 யூனிட் ஆகிறது.

அடுத்து காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். காற்று வீசும் நாளில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிடுங்கள். வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைவதால் வெளிக்காற்று இடுக்குகள் வழியே உள்ளே வரும். ஊதுபத்தியை நிலைச்சட்டத்தின் ஓரம், ஜன்னல் இடுக்கு, சுவிட்ச் பெட்டி, குழாய் சுவரைத் துளைக்கும் இடம், சுவரும் கூரையும் சேரும் விளிம்பு என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் வளையும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறியிடுங்கள். திரைச்சீலைகளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். விறகடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிந்துகொண்டிருக்கும்போது இந்தச் சோதனை கூடாது. புகைபோக்கியில் போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பிவிடும்.

வெப்பமானி இருந்தால் மேற்குச் சுவர், கண்ணாடி, கூரையின் அடிப்பகுதி மூன்றையும் பிற்பகலில் ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். கான்கிரீட் தளத்தின் மேல் விழும் வெயில் அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வெயில் போன பிறகும் படுக்கையறை கொதிப்பது இதனால்தான். பளபளப்பான உலோகத்தை இந்தக் கருவி தவறாகக் காட்டும். அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி டேப்பை அளக்க வேண்டும்.

கை வைக்கக் கூடாதவற்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட், பழைய குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளை நாருறை ஆகியவற்றை அறுக்கவோ துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர் உப்புத்தாள் போடாதீர்கள். துணி சுற்றிய வயர் கண்ணில் பட்டால், அதை மாற்றாமல் எந்த மூடும் வேலையும் வேண்டாம்.

இரண்டாம் படி: தண்ணீர்

நனைந்த சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெப்பத்தைத் தடுக்க ஒட்டும் எந்தக் காப்புப்பொருளும் அதில் நிற்காது. ஆகவே மழைநீர்க் குழாய், கூரை ஓரம், கழிவுநீர் இணைப்பு இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். வெளியே மண் மேடேறி அடித்தளத்தை மூடியிருந்தால் வெட்டி எடுங்கள். வெளிமண் மட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒரு அடி சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் முத்து முத்தாக நீர் பூத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. அதற்கு மருந்து காற்றோட்டம். இந்த வேறுபாடு தெரியாமல் ஓதத்துக்கு மருந்தடிக்கக் காசு கொடுப்பவர்கள் அதிகம்.

சுண்ணாம்புக் காரையிலோ மண்ணிலோ எழுப்பிய சுவர் என்றால் இன்னொரு விஷயம். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பூச்சின் வழியே வெளியே விட்டபடி வாழ்கிறது. அதன்மேல் சிமென்ட் பூசினால் வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூத்துச் செங்கல் பொடியும். இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசிய பழைய சுவர்களில் அந்தப் பூச்சுக்குச் சற்று மேலே கறை படிந்திருப்பதைப் பார்க்கலாம். சரிசெய்ய, கறைக்கு மேல் ஒரு அடி வரை சிமென்ட் பூச்சை உரித்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். ஒரு தடவைக்கு 10 மி.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். பூசிய பிறகு சில நாள் நேர்வெயில் படாமல் ஈரப்பதமாக வைக்காவிட்டால் வெடித்துவிடும். மேலே சுண்ணாம்பு அடிக்கலாம். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் எடுத்த பாடெல்லாம் வீண்.

காய்வதற்குப் பொறுமை தேவை. சுவரின் ஒவ்வொரு 25 மி.மீ. கனத்துக்கும் ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. 23 செ.மீ. சுவர் என்றால் முக்கால் வருடம். அதுவரை மற்ற அறைகளில் அடுத்த படியைச் செய்யலாம்.

மூன்றாம் படி: காற்று ஒழுகலை அடைப்பது

இத்தனை குறைந்த செலவில் இத்தனை பலன் தரும் வேலை இந்தப் பட்டியலில் வேறில்லை. ஒரு மீட்டர் அகலக் கதவின் அடியில் ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால் அது 100 சதுர செ.மீ.; சுவரில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஓட்டை போட்டதற்குச் சமம். சுவரில் அப்படி ஓட்டை இருந்தால் அன்றைக்கே அடைப்போம், கதவடி என்பதால் கண்ணில் படுவதில்லை.

மேலிருந்து கீழாக வாருங்கள். வீட்டுக்குள் வெளியைவிடச் சூடாக இருக்கும்போது சூடான காற்று மேலே போய் வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழ் இடுக்குகளில் குளிர்காற்று நுழையும். மேலே அடைத்தால் கீழே இழுப்பும் குறைகிறது. பரண் கதவு, கூரையைத் துளைக்கும் குழாய், விளக்குத் துளை ஆகியவை முதலில்.

எதைக் கொண்டு அடைப்பது என்பது இடைவெளியைப் பொறுத்தது. அசையாத இடத்தில் 6 மி.மீ.க்குக் குறைந்த கீறல் என்றால் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போதும். பெயின்ட் அடிக்கப் போகும் இடத்துக்கு அக்ரிலிக், நீர் படும் இடத்துக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் சிலிக்கான். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது என்பதைப் பலர் அடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். 6 முதல் 25 மி.மீ. வரை என்றால் முதலில் இடுக்கைவிடச் சற்றுத் தடிமனான உருளை நுரைக் கயிற்றை உள்ளே அழுத்தி, அதன்மேல் சீலன்ட் விடுங்கள். சீலன்ட்டின் ஆழம் இடுக்கின் அகலத்தில் பாதி இருக்கட்டும். கயிறு இல்லாமல் நிரப்பினால் சீலன்ட் இரு பக்கத்தோடு அடிப்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். சட்டம் விரிந்து சுருங்கும்போது நீள முடியாமல் கிழியும்.

அதைவிடப் பெரிய பொந்துகளுக்குப் பாலியூரித்தேன் ஃபோம். டப்பாவை அரை நிமிடம் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து, பொந்தின் உள்பக்கத்தில் தண்ணீர் தெளித்த பிறகு பாதி அளவு மட்டும் நிரப்புங்கள். மீதியை அதுவே உப்பி நிரப்பும். கதவு, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி நிரப்பக் குறைவாக உப்பும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகம் சட்டத்தையே உள்ளே தள்ளி, கதவைச் சாத்த முடியாமல் செய்துவிடும். வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளித்துப் பொடியாகும், அதனால் இறுகியதும் சீவி மேலே பூச்சோ பெயின்ட்டோ கொடுக்க வேண்டும். கையுறை கட்டாயம், தோலில் காய்ந்துவிட்டால் எளிதில் போகாது.

கதவு, ஜன்னல் போன்ற அசையும் இடங்களுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை. இதில் தடிமன் சரியாக அமையாவிட்டால் பயனில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய களிமண் உருண்டையைச் சட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்தித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடத்தில் அளங்கள். பழைய கதவில் மேலும் கீழும் ஒன்றாக இருக்காது. மரக்கதவு மழைக்காலத்தில் உப்பும். கோடையில் கச்சிதமாக ஒட்டிய பட்டை மழையில் கதவைச் சாத்தவிடாது, ஆகவே சற்று இளக்கமான, உள்ளே குழலாக இருக்கும் ரகத்தை எடுங்கள். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். பட்டையை இழுத்து ஒட்டாதீர்கள். அது பிறகு தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும்போது மூலைகளில் இடைவெளி விழும். பட்டை ஒட்டியும் காற்று வருகிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த மூலை. முடிந்ததும் ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் தடங்கலில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே இன்னும் இடைவெளி இருக்கிறது. கதவடிக்குத் தூரிகைப் பட்டை. தரை மேடுபள்ளமாக இருந்தாலும் அது வளைந்துகொடுக்கும்.

அடைக்கவே கூடாத ஓட்டைகளும் உண்டு. கேஸ் ஹீட்டர், கேஸ் கீசர், விறகடுப்பு உள்ள அறையின் காற்றுத்துளை. மரத்தளத்தின் அடியில் காற்றோட்டத்துக்காக விட்ட துளைகள். ஜன்னல் சட்டத்தின் கீழே நீர் வடியும் சிறு துளை. முதல் வகையை அடைத்தால் நிறமும் வாடையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் தேங்கி உயிரைப் பறிக்கும். அந்த அறைகளில் அதற்கான அலாரம் வையுங்கள். மற்ற அறைகளில் ஒரு ஈரப்பதமானி தொங்கட்டும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அடைத்த பிறகு 70ஐத் தாண்டியே நிற்கிறது என்றால், குளித்த பிறகும் சமைக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் 20 நிமிடம் கூடுதலாக ஓடவிட வேண்டும்.

நான்காம் படி: கூரை

வெயில் நாட்டில் மொட்டைமாடித் தளம்தான் முதல் எதிரி. கருத்த கூரையின் மேற்பரப்பு கோடையில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். அதே வெயிலில் நல்ல வெள்ளைப் பூச்சு அடித்த கூரை 28 டிகிரி வரை குறைவாக இருக்கும். பூசுமுன் தளத்தில் நீர்க்கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விரிசல்களைக் கீறி அகலமாக்கி நிரப்பி, பாசியைச் சுரண்டிக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, ப்ரைமர், பிறகு இரண்டு கோட்; இரண்டாவது கோட்டை முதலாவதற்குக் குறுக்காக இழுங்கள். காயாத தளத்தில் அடித்தால் அடியிலிருக்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கையில் பணமில்லை என்றால் நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, தளத்தை நனைத்துவிட்டு மூன்று மெல்லிய கோட் அடிக்கலாம். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் சுண்ணாம்பு வேலை செய்யாதீர்கள். எந்த வெள்ளைப் பூச்சும் தூசு படிந்தால் வெயிலைத் திருப்பும் திறனை இழக்கும், கோடை தொடங்கும்போது ஒருமுறை கழுவிவிட வேண்டும்.

குளிர் அதிகமான ஊரில் வெள்ளைக் கூரையால் பெரிய லாபமில்லை. அங்கே கனமான காப்பு வேண்டும். தட்டையான தளம் என்றால் நீர்த்தடுப்பு அடுக்கின் மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (நீரை எளிதில் வாங்காத கெட்டி நுரைப்) பலகை, அதன்மேல் காரைத்தளம். சாதாரண தெர்மோகோல் மெல்ல மெல்ல நீரை வாங்கிக்கொள்ளும் என்பதால் வெளித்தளத்துக்கு அது உதவாது. 50 மி.மீ. காரைத்தளம் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் எடை கூட்டும். அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருக்கிற தளத்தில் பொறியாளர் பார்க்காமல் அந்த எடையை ஏற்றக் கூடாது.

சரிவுக் கூரையும் கீழே பரணும் இருந்தால் வேலை எளிது. கனிமக் கம்பளியை (பாறை அல்லது கண்ணாடி நாரால் ஆன பஞ்சு விரிப்பை) உத்திரங்களுக்கு இடையே ஒரு அடுக்கு, உத்திரங்களை மூடும்படி குறுக்காக ஒரு அடுக்கு விரியுங்கள். குளிர் நாடுகளில் மொத்தம் 200 முதல் 300 மி.மீ. வரை போடுவார்கள். கூரை ஓரத்தில் 50 மி.மீ. காற்று போகும் வழி விடாவிட்டால் மரத்தில் ஈரம் தங்கி உளுக்கும். வயரைக் கம்பளிக்கு அடியில் புதைக்காமல் மேலே எடுத்துவிடுங்கள்; மூடிய வயர் சூட்டை வெளியேற்ற முடியாமல் காயும். தெர்மோகோலோடு நேரடியாக ஒட்டிக் கிடக்கும் பிவிசி வயரின் உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பரணின் மூடியை மறந்துவிடுவது வழக்கம். அதன் முதுகிலும் ஒரு பலகை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை போடுங்கள்.

கூரைக்கு அடியில் மாட்டப் பளபளக்கும் அலுமினிய ஃபாயில் விற்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் 25 மி.மீ. காற்றிடைவெளி இல்லாவிட்டால் ஃபாயிலால் பயனில்லை. அலுமினியம் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். கதிர்வீச்சைத் திருப்புவதுதான் அதன் வேலை. பளபளப்பு கீழ்நோக்கி இருக்கட்டும், அப்போது தூசு படியாது.

ஐந்தாம் படி: ஜன்னல்

ஜன்னலைப் பெயர்த்துப் புதிதாக மாட்டுவதை எங்கள் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. செலவுக்கேற்ற பலன் மெதுவாகத்தான் வரும், பழைய மரச்சட்டம் பழுது பார்த்தால் பெரும்பாலும் இன்னும் பல காலம் உழைக்கும்.

வெக்கை பிரச்சினை என்றால் நிழலை வெளியே போடுங்கள். உள்ளே தொங்கும் திரையைத் தொடுவதற்குள் வெயில் கண்ணாடியைக் கடந்துவிடுகிறது. சூடு உள்ளே வந்தாயிற்று. உச்சிவெயிலுக்கு மேலே நீட்டிய தகடு போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வருவதால் அங்கே நேராகத் தொங்கும் மறைப்புதான் வேண்டும்: மூங்கில் தட்டி, அசையும் பலகைக் கதவு, கொடி படர்ந்த சட்டம். இரவுக் காற்று அறையைவிடக் குளிர்ந்திருந்தால் கீழ் ஜன்னலையும் மேல் வென்டிலேட்டரையும் சேர்த்துத் திறங்கள். வெயில் ஏறுமுன் சாத்திவிடுங்கள். பகலில் காற்றோட்டத்துக்காகத் திறந்தே வைத்தால் கனமான பழைய சுவர்கள் இரவெல்லாம் சேர்த்த குளிர்ச்சி வீணாகும்.

குளிர்தான் பிரச்சினை என்றால் இருக்கிற கண்ணாடிக்கு உள்பக்கம் 12 முதல் 20 மி.மீ. இடைவெளியில் இரண்டாவது கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ மாட்டுங்கள். ஒற்றைக் கண்ணாடியைவிட இழப்பு ஏறத்தாழப் பாதியாகும். உள்தகடு காற்றுப் புகாமல் இறுக்கமாகவும், வெளிக்கண்ணாடி சற்று மூச்சுவிடும்படியும் இருக்க வேண்டும். தலைகீழாக அமைந்தால் அறையின் ஈரம் இடையில் புகுந்து வெளிக்கண்ணாடியில் நீராகப் படியும்.

ஆறாம் படி: சுவர், அவசரமில்லாமல்

5 செ.மீ. தெர்மோகோல் தடுக்கும் வெப்பத்தைச் செங்கல் தடுக்க ஏறக்குறைய ஒரு மீட்டர் கனம் தேவை. இந்தக் கணக்கைக் கேட்டதும் எல்லாச் சுவரிலும் ஒட்டத் தோன்றும். பொறுங்கள். வெளிப்பக்கம் ஒட்டுவது எப்போதும் மேல். கனமான சுவர் உள்ளே நின்று வெப்பநிலையைச் சீராக வைக்கும். உள்பக்கம் ஒட்டினால் குளிர்நாளில் பழைய சுவரின் முகம் இன்னும் குளிர்ந்து, அறையின் ஈரம் பலகைக்குப் பின்னால் போய்ப் படியும். சுண்ணாம்புச் சுவருக்கு ஈரம் கடத்தும் மர நார்ப் பலகை, கார்க் போன்றவைதான் பொருந்தும். தெர்மோகோலை எங்கு ஒட்டினாலும் பூச்சில்லாமல் விடாதீர்கள். தீப்பிடித்தால் உருகி எரியும். மேற்குச் சுவர் ஒன்றுதான் வெயிலில் காய்கிறது என்றால் அதற்கு வெளியே நிழல் கொடுத்தால் போதும்.

ஏழாம் படி: மெஷின்கள்

ஃபேனில் தொடங்குங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுத்தால் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத, குறைந்த மின்சாரத்தில் ஓடும்) மோட்டார் ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மிச்சம். ஃபேன் ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஆளில்லாத அறையில் ஓடக் கூடாது.

வெந்நீரின் செலவைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 10 டிகிரியில் வரும் 100 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற 3.5 யூனிட் வேண்டும். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் குளித்தால் கிட்டத்தட்ட அவ்வளவும் தீரும். 7 லிட்டர் ஷவரில் 2 யூனிட்டோடு முடிந்துவிடும். ஹீட்டரிலிருந்து கிளம்பும் குழாயின் முதல் இரண்டு மீட்டருக்கு நுரைக் குழல் மாட்டுங்கள். தேக்கிவைக்கும் தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே இறக்கிச் சேமிக்கப் பார்க்காதீர்கள், வெதுவெதுப்பான நீரில் நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும்.

ஏசி வாங்கியே ஆக வேண்டும் என்றால், கூரை வேலை முடிந்து ஒரு கோடை கழித்து அளவு கணக்கிடுங்கள். ஒரு டன் என்பது மணிக்கு 3.5 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன். மின்செலவு அதைவிட வெகு குறைவு. பெரிதாக வாங்கினால் காற்று சீக்கிரம் குளிர்ந்து மெஷின் நின்றுவிடும், ஈரத்தை இறக்க நேரமிருக்காது. அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஏசிக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். பழைய ப்ளக் பாயின்ட்டில் சொருகினால் இணைப்பு சூடேறிக் கருகும். வெளி யூனிட்டை நிழலில், முன்னால் தடையில்லாமல் வையுங்கள். அழகுக்காகப் பெட்டிக்குள் அடைத்தால் அது வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.